எடை ஏற்றினவன் எழுதுகிறேன்

ராகவா,

இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி வரதன் மூவரும் சௌக்கியம். என் வலது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. பம்பாயில் பாலம் கட்டுகிற கம்பெனி உன்னை எடுத்துக்கொண்டதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருப்பதாகவும், வரவில்லை என்று எழுதப் போவதாகவும் மூன்றே வரியில் எழுதியிருக்கிறாய். நாலாவது வரியில் காரணம். "அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, வரதனுக்குத் தெம்பு போதாது, தண்டில் நம் அகத்துத் தோள் இல்லாமல் போகக் கூடாது." அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மேல் இல்லை. அந்த நாலாவது வரியை உன்னை எழுத வைத்தவன் நான் என்பதால் என் மேலேயே வந்த கோபம். இன்று சாயங்கால மெயிலில் இதைச் சேர்த்துவிட்டால் நாளைக்குக் கிண்டியில் உன் கையில் இருக்கும். முழுக்கப் படித்த பிறகு கம்பெனிக்கு எழுது. அதற்கு முன்னால் பேனாவைத் தொடாதே.

நான் பகலில் வக்கீல் குமாஸ்தா, உற்சவ காலத்தில் ஸ்ரீபாதம் தாங்கி. பெருமாள் புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்கிறவன். என் அப்பாவும் அப்படி, அவர் அப்பாவும் அப்படி. வாகனத்தைத் தாங்குகிற தண்டுக்கு அடியில் நின்றவனுக்குத்தான் சில சங்கதிகள் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் சமமாகச் சுமக்கிறோம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லவே இல்லை. உயரமானவன் தோளில்தான் சுமை விழும். குட்டையானவன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே சில சமயம் காற்றுதான் இருக்கும். அதனால் நல்ல தோள்காரனைப் பார்த்து முன்னால் நிறுத்துவார்கள். அதிகம் சுமக்கிற இடம்தான் எங்களுக்குக் கௌரவமான இடம். இந்த ஒரு நினைப்போடு நாற்பது வயது வரை வளர்ந்தவன் நான். அதனால்தான் குதிரைப் பந்தயத்தில் முதல் நாளே அசடு வழிந்தேன்.

நான் குதிரைக்கு வக்காலத்து வாங்கின கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும், அம்மா கேலி செய்து கேட்டிருப்பாய். திருச்சிக் கன்டோன்மென்டில் நான் வேலை பார்க்கிற வக்கீல் அருளப்பர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறினாலும் தவறுவார், கிண்டி ரேஸ் புத்தகத்துக்குத் தவற மாட்டார். ஒவ்வொரு வாரமும் பட்டணத்து ரயிலில் அது வந்து சேரும். கட்சிக்காரர்கள் வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளே அவர் குதிரைப் பெயர்களைப் பென்சிலால் சுழித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் விளையாட்டாக என்னிடம் நீட்டினார். "ஐயங்கார், நீங்க சொல்லுங்க. இதுல எது ஜெயிக்கும்?" ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஸ்டோன், பவுண்டு என்று ஓர் எடை போட்டிருந்தது. பவுண்டு என்பது நம் ராத்தல்தான், பதினாலு ராத்தல் ஒரு ஸ்டோன். அது என்ன என்று கேட்டேன். குதிரை சுமக்க வேண்டிய எடை என்றார். ஓட்டுகிறவன் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு சொருகி அந்த எடைக்குக் கொண்டுவருவார்களாம். நான் யோசிக்கவே இல்லை. எதற்கு அதிக எடையோ அதன் மேல் விரலை வைத்தேன். "இதைத்தானே பெரிசா நம்பி முன்னால நிறுத்தியிருக்கா? இதுதான் ஜெயிக்கும்" என்றேன். வக்கீல் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த கட்சிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அட, அது மரியாதை இல்லீங்க, தண்டனை" என்றார். எடை போடுவதற்கென்று அங்கே ஒரு துரை இருக்கிறாராம். எந்தக் குதிரை நன்றாக ஓடுகிறதோ அதற்கு எடையைக் கூட்டுவார். ஓடாததற்குக் குறைப்பார். எல்லாக் குதிரையும் ஒரே சமயத்தில் முடிவுக் கம்பத்துக்கு வர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஒரு குதிரை ஜெயித்தால் அடுத்த தடவை இன்னும் நாலைந்து ராத்தல். மறுபடி ஜெயித்தால் மறுபடி ஏற்றம். அது தோற்கிற வரைக்கும் விட மாட்டார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆனால் அன்றைக்கே அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பெருமாளை எழுந்தருளப் பண்ற தோளை வெச்சுண்டு குதிரைக்கு ஜாதகம் பாக்கறேளா? லோகம் சிரிக்காதோ?" நான் ஒரு காலணாகூடக் கட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் சாதம் போட்டாள். அந்தச் சத்தியத்தை இன்று வரை காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் குதிரையை எடை போடுவதில் எனக்கு ஒரு கை வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மற்றவர்கள் போன வாரம் எது ஜெயித்தது என்று பார்ப்பார்கள். நான் அது என்ன சுமந்து ஜெயித்தது, இந்த வாரம் என்ன சுமக்கிறது, எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன். நாலு ராத்தல் முதல் அரை மைலில் தெரியாது. கடைசி நூறு கஜத்தில் அது நாற்பதாகத் தெரியும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் தோளில் இருந்தது. ஒரு வருஷத்தில் கோர்ட் வாசலில் நாலு வக்கீல்கள் என்னை நிறுத்தி, "என்ன சாமி, இந்த வாரம் எது?" என்று கேட்கும்படி ஆயிற்று. எனக்குத் தலை கால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் உனக்குப் பதினேழு வயது ஆயிற்று. என்னைவிட நாலு விரற்கடை உயர்ந்துவிட்டாய். மார்கழி ராப்பத்து உற்சவத்தில் எட்டாம் திருநாளன்று பெருமாள் குதிரை வாகனத்தில் மணல்வெளியில் வையாளி ஓடுவாரே, அதில் முன் தண்டில் என் இடத்தை உனக்குக் கொடுத்துவிட்டு நான் பின் தண்டுக்குப் போனேன். மற்றப் புறப்பாடெல்லாம் நடை. வையாளி ஒன்றுதான் ஓட்டம். குதிரை ஓடுகிற மாதிரியே முன்னும் பின்னும் வளைந்தும் மணலில் ஓட வேண்டும், தங்கக் குதிரையின் முழு எடையும் தோளில் குதிக்கும். நீ அன்று சறுக்கவில்லை, தயங்கவில்லை. எல்லோரும் என்னிடம் வந்து உன்னைப் புகழ்ந்தார்கள். மறுநாள் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அவன் நேத்திலேர்ந்து சட்டையைக் கழட்ட மாட்டேங்கறான், பாத்தேளா? எடது தோள் வீங்கியிருக்கு. காலையும் சாச்சு சாச்சு வெக்கறான். ஒரு வருஷம் விட்டுக் குடுங்கோ" என்றாள். "பழகிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். உன்னிடம் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய்.

அந்தத் தை மாதம்தான் கிண்டியில் பெரிய கோப்பைப் பந்தயம். வக்கீல் என்னை விடவில்லை. "நீங்க சொன்ன குதிரையை நீங்களே கண்ணால பாருங்க, வாங்க" என்று டிக்கெட் எடுத்துப் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். நான் பொறுக்கினது ராயல் டிரம் என்கிற செம்பழுப்புக் குதிரை. ஊரே அதைத்தான் நம்பியிருந்தது. அந்தப் பருவத்தில் மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்து, மூன்று தடவையும் எடை ஏறி, ஒன்பது ஸ்டோன் ஒன்பது பவுண்டில் வந்து நின்றது. மங்கூஸ் என்று, அதாவது கீரிப்பிள்ளை என்று, ஒரு சின்னக் குதிரைக்கு ஏழு ஸ்டோன் ஏழுதான். வித்தியாசம் முப்பது ராத்தல். மூன்று வயதுக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி. ஆனாலும் நான் அசையவில்லை. இது சுமக்கிற ஜாதி, சுமந்துகொண்டே ஜெயிக்கும் என்று திருச்சி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராயல் டிரம் என் எதிரே இரண்டு முறை போயிற்று. பளபளவென்று இருந்தது, தலையைத் தூக்கி நடந்தது, ஜனங்கள் கை தட்டினார்கள். நான் அதன் கால்களைப் பார்த்தேன். இடது முன்னங்காலை வைக்கும்போது மற்றக் கால்களைவிட ஒரு நொடி முன்னாலேயே எடுத்தது. தோளின் மேல் தோல் தானாகத் துடித்தது. தண்டில் பக்கத்தில் நிற்கிறவன் தோள் சோரும்போது திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும் எனக்கு. அதே மாதிரிதான் அங்கேயும் தெரிந்தது. இந்தக் குதிரைக்கு வலிக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வக்கீல் பக்கத்திலேயே நின்றிருந்தார். "என்ன ஐயங்கார், எப்படி இருக்கு? மாத்திக்கலாமா?" என்று கேட்டார். நான் வாய் திறந்து, "ஒண்ணும் இல்லை, நன்னா இருக்கு" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று அப்புறம் எத்தனையோ நாள் யோசித்தேன். தெரியாமல் சொல்லவில்லை. நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொண்ட பிறகு, அந்தக் குதிரை நொண்டுகிறது என்று சொல்ல என் நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். பந்தயம் ஆரம்பித்தது. ராயல் டிரம்தான் கடைசித் திருப்பம் வரை முதலில் வந்தது. அப்புறம் கீரிப்பிள்ளை பக்கத்தில் வந்தது, தாண்டியது. மற்றக் குதிரைகளும் ஒவ்வொன்றாகத் தாண்டின. அது நிற்கவில்லை. ஓட்டுகிறவன் சாட்டையைக்கூட எடுக்கவில்லை, தானாகவே ஓடிற்று, மூன்று காலில் ஓடுகிற மாதிரி ஓடிக் கடைசியாகக் கம்பத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு அது பந்தயத்தில் ஓடவே இல்லை என்று வக்கீல் பிற்பாடு சொன்னார். திரும்பி வரும்போது ரயிலில் அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "விடுங்க ஐயங்கார், யாருக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் நான் இன்று வரை சொல்லவில்லை. அன்றோடு ரேஸ் புத்தகத்தைத் தொடுவதை நிறுத்தினேன். அம்மா, புத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

புத்தி வரவில்லை, ராகவா. வந்திருந்தால் அந்த வாரமே வீட்டுக்கு வந்து உன் சட்டையைக் கழற்றிப் பார்த்திருப்பேன். குதிரைக்காக வருத்தப்பட்டேன், என் பிள்ளை நினைவுக்கு வரவில்லை. அந்தத் துரையை அநியாயக்காரன் என்று திட்டினேனே, நான் செய்ததும் அதேதானே? நீ வகுப்பில் முதலாவதாக வந்தாய், வரதனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலையை உன் தலையில் வைத்தேன். ஸ்காலர்ஷிப் வாங்கினாய், வீட்டுக்குக் கடுதாசி எழுதுவது, அத்தைக்குப் பதில் சொல்வது எல்லாம் உன்னுடையது என்றேன். கிண்டியில் இன்ஜினீயரிங்குக்கு இடம் கிடைத்தது, மார்கழி தவறாமல் வந்து முன் தண்டில் நிற்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டேன். நீ ஜெயிக்க ஜெயிக்க எடை ஏற்றினேன். அதைக் கௌரவம் என்று உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஊர் முழுக்க, இவருக்கு மூத்தவன்தான் செல்லம் என்று பேசிக்கொண்டார்கள். செல்லம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வரதனுக்கு எட்டு வயதில் விஷ ஜுரம் வந்ததே, அதைச் சாக்கிட்டு அவனை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. அவன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவனே நினைத்துக்கொண்டு வளர்ந்தான். இரண்டு பேருக்கும் செய்தது தப்பு.

போன மார்கழியில் என் முழங்கால் மடங்க மறுத்ததால் முதல் தடவையாக வையாளியை வெளியில் நின்று பார்த்தேன். முப்பது வருஷம் அடியில் இருந்தவனுக்கு வெளியிலிருந்து அது எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஜனங்கள் எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், கண் நிறைந்தது. அப்புறம் பழக்க தோஷத்தில் கீழே பார்த்தேன். முன் தண்டில் உன் கால்கள். இடது காலை வைக்கும்போது ஒரு நொடி முன்னாலேயே எடுத்தாய். திருப்பத்தில் வலது பக்கம் சாய்ந்தாய். அந்த வேலியும் அந்தச் செம்பழுப்புக் குதிரையும் அப்படியே கண் முன்னால் வந்தன. ஓட்டம் முடிந்து நீ வியர்வையோடு வந்து, "எப்படி இருந்தது அப்பா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "நன்னா இருந்தது" என்றேன். வேலிக்கு அருகே சொன்ன அதே பொய்யை, இந்தத் தடவை என் பிள்ளையிடம் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல மாட்டேன் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இனி நடந்ததைக் கேள். பத்து நாள் முன்பு ஆடியில் பெருமாள் காவேரிக் கரை அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளினார். வரதனை நிறுத்தும்படி நானே போய்க் கேட்டுக்கொண்டேன். உன் தம்பிக்குப் பத்தொன்பது வயது ஆகிறது, நீ போன பிறகு தோள் அகன்றிருக்கிறது. நீ அவனை இன்னும் ஜுரத்தில் கிடந்த குழந்தையாகவே பார்க்கிறாய், நானும் அப்படித்தான் பார்த்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே நடந்தேன், அவன் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காவேரிக்குப் போகிற வழியில் பாதி தூரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி அவன் குரல் கொடுத்தான். "எடது பக்கம் ரொம்பக் கனக்கறது. யாராவது மாத்தி விடுங்கோ." எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. நம் அகத்தில் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் பின்னால் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "வாய் இருக்கறவன், பொழச்சுப்பான்" என்று ஆளை மாற்றிவிட்டார். நூறு அடி தாண்டி வரதன் மறுபடி வந்து நின்று, மண்டபம் வரை சுமந்தான். அவன் கால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கனக்கிறது என்று சொல்லத் தெரிந்தவன்தான் தோளுக்கு வேண்டியவன் என்று ஐம்பதை நெருங்குகிற வயதில் எனக்குப் புரிந்தது. நீ ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது உன் பலம் என்று நான் பெருமைப்பட்டேன். அது நான் உனக்குச் செய்த கெடுதல்.

ஆகவே உன் நாலாவது வரிக்கு என் பதில்: தண்டில் உனக்கு இடம் கிடையாது. உன் தோள் மெத்தையை வரதனிடம் கொடுத்துவிட்டேன், அம்மா அதைப் பிரித்துப் பஞ்சு மாற்றித் தைத்தும் விட்டாள். நீ நாளைக்கே வந்து நின்றாலும் நான் அனுமதிக்கப் போவதில்லை. இதுவும் உத்தரவுதானே என்று நீ நினைக்கலாம். ஆமாம், உத்தரவுதான். ஏற்றினவன்தான் இறக்க வேண்டும், அதனால் இந்த ஒன்றை மட்டும் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். பம்பாய் உனக்குப் பிடிக்கவில்லை, அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் போகாதே, அது உன் இஷ்டம். ஆனால் என் முழங்காலையும் வரதன் உடம்பையும் காரணம் காட்டிப் போகாமல் இருக்காதே. ஒரு பாலம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் ஏற்றாதே என்று எழுதி வைக்கிறதுதானே உன் வேலை? நம் வீட்டில் ஒருவனாவது அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளட்டும்.

எனக்கு எழுதும் பதிலில் உன் இடது காலும் தோளும் எப்படி இருக்கின்றன என்று உள்ளதை எழுது. வைத்தியம் பார்க்க வேண்டும் என்றால் பட்டணத்திலேயே பார்த்துக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பு. "ஒன்றும் இல்லை" என்று எழுதினால் நான் நம்ப மாட்டேன், அந்த வார்த்தையை உனக்குக் கற்றுக் கொடுத்தவனே நான்தான்.

மார்கழிக்கு லீவு கேட்டுக்கொண்டு வா. தோள் கொடுக்க இல்லை. மணல்வெளியில் கிழக்கு ஓரமாக எனக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன், பக்கத்தில் இன்னொருவர் நிற்கலாம். ஐந்து வருஷம் நீ பெருமாளைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறாய், ஆனால் வையாளியை ஒரு தடவைகூட நீ பார்த்ததில்லை. வந்து என்னோடு நின்று பார்.

உன் அப்பா